ஒரே படத்துக்கு இரண்டு எடிட் வேண்டுமா? ரா ஃபைலை காப்பி எடுக்காதீர்கள்

ஒரே ரா படத்தை (கேமரா பதிவு செய்த மூல ஃபைல்) கலரிலும் கறுப்பு வெள்ளையிலும் எடிட் செய்து பார்க்க ஃபைலை இன்னொரு காப்பி எடுக்க வேண்டாம். ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள்களான டார்க்டேபிளில் 'டூப்ளிகேட்', லைட்ரூம் கிளாசிக்கில் 'விர்ச்சுவல் காப்பி' கொடுத்தால் போதும்.

இந்த மென்பொருள்கள் ரா ஃபைலின் உள்ளே கைவைப்பதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, ஓரத்தை இங்கே வெட்டு என்ற குறிப்புகளை மட்டும் தனியே எழுதி வைக்கின்றன. டார்க்டேபிளில் அது ரா ஃபைலின் பக்கத்திலேயே சில கேபி அளவுள்ள எக்ஸ்எம்பி ஃபைலாக உட்கார்ந்திருக்கும். டூப்ளிகேட் போட்டால் பெயரோடு 01 சேர்ந்து இன்னொரு எக்ஸ்எம்பி வரும், அவ்வளவுதான். 25 எம்பி ரா இரண்டாகாது. பேக்கப் எடுக்கும்போது இந்தக் குட்டி ஃபைல்களை விட்டுவிடாதீர்கள், எடிட் முழுக்க அதில்தான். ரா ஃபைலின் பெயரை ஃபோல்டரில் போய் நேரடியாக மாற்றினாலும் ஜோடி பிரிந்துவிடும்.

லைட்ரூம் கிளாசிக்கில் விர்ச்சுவல் காப்பி கேட்டலாகில் (எடிட் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் அதன் டேட்டாபேஸ்) மட்டுமே இருக்கும், எக்ஸ்எம்பிக்கு வராது. அதனால் அங்கே கேட்டலாகைத்தான் பேக்கப் எடுக்க வேண்டும். ஜிம்ப்பில் பிக்சல் பிக்சலாக ரீடச் செய்யப் போகிறீர்கள் என்றால் இது உதவாது, தனி டிஃப் (TIFF) படமாக எடுத்தே ஆக வேண்டும்.