சீன முத்திரையைப் படிக்க முதலில் கவனிக்க வேண்டியவை

சீன முத்திரைக் கல் ஒன்று கையில் கிடைத்தால், அதன் அடிப்பகுதியில் எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும் என்பதால், அதைத் தாளில் ஒற்றியெடுத்தோ, படம் பிடித்து இடவலமாகத் திருப்பியோதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

எழுத்துகள் சிவப்பாகப் பதிந்தால் அவை புடைப்பாகவும், சிவப்புப் பரப்பில் வெண்மையாகத் தெரிந்தால் குழிவாகவும் செதுக்கப்பட்டவை. பெரும்பாலான முத்திரைகளில் இருப்பது இன்றைய வடிவம் அன்று. சின் பேரரசு நாட்டை ஒன்றிணைத்த கி.மு. 221-ஐ ஒட்டி ஒழுங்குபடுத்தப்பட்ட பழைய முத்திரை எழுத்து. ஆகவே, சீனமொழி நன்கறிந்தவரும் இதில் தடுமாறுவது இயல்பே.

வாசிப்பு வலப்பக்க வரிசையில் மேலிருந்து கீழாகச் சென்று, பின் இடப்பக்கம் நகரும். நான்கெழுத்துப் பெயர் முத்திரைகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: ‘முத்திரை’ எனப் பொருள்படும் ‘யின்’ என்ற எழுத்து வலப்பக்கக் கீழ்மூலையில் இருந்தால், வலமேல் மூலையிலுள்ள குடும்பப் பெயரில் தொடங்கி, இடமேல், இடக்கீழ் என்று சுற்றிவந்து ‘யின்’னில் முடிக்க வேண்டும். இயற்பெயரின் இரண்டு எழுத்துகளும் பிரியாமல் ஒரே வரிசையில் நிற்பதற்காகவே இந்த அழகான ஏற்பாடு.

கல்லின் பக்கவாட்டையும் மறவாமல் பாருங்கள். செதுக்கியவரின் பெயரும் ஆண்டும் அங்கே எளிதில் படிக்கத்தக்க எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ஆனால் புகழ்பெற்றோர் பெயர்களைப் பிற்காலத்தவரும் பொறித்துள்ளதால், பெயரை மட்டும் நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள்.