டேங்க் ஒழுகினால் முதலில் காட்டனைப் பாருங்கள்

காயிலையும் காட்டனையும் நாமே மாட்டும் வேப் (மின்-சிகரெட்) டேங்கில் காற்றுத் துளை வழியாக லிக்விட் கசிந்து, பேட்டரி இருக்கும் மோட் மேலெல்லாம் பிசுபிசுத்ததும் பலர் முதலில் கை வைப்பது ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான், அதிலும் நிற்காவிட்டால் டேங்கையே மாற்றிவிடுகிறார்கள். ஓ-ரிங் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தக் கசிவு பெரும்பாலும் கண்ணாடியின் விளிம்பிலோ மூடியின் ஓரத்திலோ தெரியும். காற்றுத் துளையில் ஒழுகுகிறது என்றால் சந்தேகம், லிக்விட்டை உறிஞ்சிக் காயிலுக்கு (சூடேறும் கம்பிச் சுருளுக்கு) கொடுக்கும் காட்டன் மேல் போக வேண்டும்.

ஸ்ட்ராவின் மேல்நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் விழாமல் நிற்கிறதே, டேங்கிலும் அதே கதைதான். உள்ளே மேலே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் குறைவு, லிக்விட்டைப் பிடித்து வைத்திருப்பது அது. காயில் உட்காரும் தட்டான டெக்கில், காட்டன் வால்கள் இறங்கும் விக் துவாரங்களில் ஈரக் காட்டன் முழு அகலத்துக்கும் உட்கார்ந்திருக்கும் வரை பிடி நிற்கும், ஒரு ஓரத்தில் சந்து இருந்தாலும் அதன் வழியாகக் காற்று குமிழி குமிழியாக ஏற, லிக்விட் கீழே இறங்கிவிடும்.

டிரை ஹிட் (லிக்விட் ஏறாமல் காய்ந்த காட்டன் கருகி வரும் இழுப்பு) பயத்தில் காட்டனைக் குறைத்து வைப்பதுதான் இதில் பெரிய தவறு. அதற்காகத் திணித்து அடைத்தாலும் லிக்விட் ஏறாது, காட்டன் கருகி தொண்டை எரியும். காயிலுக்குள் இழுக்கும்போது காட்டன் லேசாகப் பிடிக்க வேண்டும், காயில் வளையக் கூடாது. இரண்டு வாலையும் அளவாக வெட்டி, ஊசியால் சீவிக் கொஞ்சம் பஞ்சை உதிர்த்துவிட்டு, துவாரத்தின் அடியைத் தொடும்படி மெதுவாக இறக்குங்கள். அமுக்க வேண்டாம். இந்த 2 நிமிட வேலையில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் டிஷ்யூ பேப்பர் அதிகம் செலவாகிறது.

லிக்விட் நிரப்பும்போது காற்றுத் துளையை மூடுங்கள், காட்டனுக்கு லிக்விட் வரும் வழியை அடைக்கும் லிக்விட் கண்ட்ரோல் இருந்தால் அதையும். மேல் மூடியைத் திறந்த நொடியே அந்தப் பிடி போய்விடும், அப்புறம் மூடியைத் திருகும்போது அது உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி லிக்விட்டைக் கீழே தள்ளும். பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்) அதிகமுள்ள லிக்விட் நீர்த்திருக்கும் என்பதால் அதற்குக் காட்டன் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். விமானத்தில் கேபின் அழுத்தம் குறைந்து உள்ளே இருக்கும் காற்று விரியும், காலி டேங்க்கோடு ஏறுவதே நல்லது.

கசிவுக்குக் கம்பியும் காரணமாகலாம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு கம்பி மேல் மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கிளாப்டன் காயிலைப் போட்டுவிட்டு வாட்டைக் குறைவாக வைத்தால் அது சூடேறவே நேரம் எடுக்கும், அதற்குள் இழுத்த லிக்விட் ஆவியாகாமல் காயில் இருக்கும் அறையில் தேங்கி, கொளகொளவென்று சத்தம் போட்டு, காற்றுத் துளை வழியே வெளியேறும். காயில் காற்றுத் துளைக்கு நேர் மேலே, சின்ன இடைவெளி விட்டு இருக்கட்டும். கம்பியின் மிச்ச நுனியை ஸ்குரூவை ஒட்டி வெட்டுங்கள், அது டெக்கையோ மூடியையோ தொட்டால் ஷார்ட் ஆகும். ஸ்குரூவை முறுக்கித் தள்ளினால் மெல்லிய கம்பி அறுந்துபோகும், தளர்வாக விட்டால் காயிலின் ஓம் (மின்தடை அளவு) ஒரு இடத்தில் நிற்காது.

எந்தக் கம்பி என்று தெரியாமல் மாட்டுவது இன்னும் மோசம். காந்தல் (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி) வாட் வைத்து இயக்கும் முறைக்குத்தான். எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகுக் கம்பி) வாட், காயிலின் சூட்டை மோட் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் கண்ட்ரோல் இரண்டுக்கும் வரும். நிக்கல், டைட்டானியம் இரண்டும் டெம்பரேச்சர் கண்ட்ரோலில் மட்டும், அவற்றைக் காட்டன் இல்லாமல் சிவக்கக் காய்ச்சவே கூடாது. அதிகம் காய்ந்த டைட்டானியத்தின் மேல் வெள்ளைப் பொடியாக ஆக்சைடு படியும், அது மூச்சில் போக வேண்டியதல்ல. காந்தலை மட்டும் குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடாக்கி, எங்காவது ஒரு சுற்று முந்திச் சிவந்தால், பட்டனை விட்டபின் செராமிக் ட்வீசரால் மெல்ல நெருக்கிவிடலாம்.

காட்டன் வைக்குமுன் ஓம் பாருங்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.2 ஓம் காயில் என்றால் பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர் போகும், 0.1 என்றால் 42. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மோடில் இதைத் தடுக்க எதுவும் கிடையாது, பேட்டரி தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் அதைவிடக் குறைவு என்றால் அந்தக் காயிலைக் கழற்றிவிடுங்கள்.