வேதாளம் மரம் ஏறும் நேரத்தில் ரிமோட்டைத் தொடாதீர்கள்

ஆந்தாலஜி பேய்ப் படம் என்றால் ஒரே டிக்கெட்டில் நாலைந்து குட்டிக் கதைகள். ஒன்று பிடிக்கவில்லையா, தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் பார்க்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்தேன். இந்த வகைப் படத்தைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

1945இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’டை எடுத்துக்கொள்வோம். கட்டட வடிவமைப்பாளர் ஒருவர் கிராமத்துப் பண்ணை வீட்டுக்கு வருகிறார். அங்கே இருப்பவர்கள் எல்லோரையும் ஏற்கெனவே கனவில் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். அதைக் கேட்டு விருந்தாளிகள் ஒவ்வொருவராகத் தாங்கள் அனுபவித்ததையும் கேள்விப்பட்டதையும் எடுத்துவிடுகிறார்கள். மொத்தம் ஐந்து கதைகள். நான்காவது, கோல்ஃப் விளையாடும் இரண்டு நண்பர்களின் சிரிப்புக் கதை. பேய்ப் படத்தில் இது எதற்கு என்று தோன்றும். அமெரிக்காவில் வெளியிட்டவர்களுக்கும் அதேதான் தோன்றியது. அதையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் வெட்டிவிட்டார்கள். ஆனால் கடைசியில் வரும் கனவுக் குழப்பத்தில் எல்லாக் கதைகளும் ஒன்றோடொன்று கலக்கும். வெட்டிய கதையின் ஆட்கள் அங்கே வந்து நிற்க, யார் இவர்கள் என்று அமெரிக்க ரசிகர்கள் முழித்தார்கள்.

அந்தச் சிரிப்புக் கதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடுத்து வருவது மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த பேசும் பொம்மைக் கதை. சிரித்துத் தோள் தளர்ந்து உட்கார்ந்திருக்கும்போது பிடரியில் விழும் அடி அது. சிரிப்பைத் தள்ளிவிட்டால் பொம்மைக்கும் பாதி பலம் போய்விடும்.

கதைகளுக்கு இடையில் வரும் அந்தப் பண்ணை வீட்டுப் பேச்சைத் தள்ளுவதும் அதே தவறுதான். நம்ம விக்கிரமாதித்தன் கதை தெரியுமல்லவா? ஒவ்வொரு கதை முடிந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் புதிர்கள். இந்தப் படமும் முடிகிற இடத்தில் ஆரம்பத்துக்கே வந்து சேர்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான், பிரபஞ்சத்துக்கும் தொடக்கம் என்ற ஒன்று இல்லாமல் இருந்தால் என்ன என்ற யோசனை தங்களுக்கு வந்ததாக வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் சொல்லியிருக்கிறார். அவரும் சக விஞ்ஞானிகளான போண்டியும் கோல்டும் 1948இல் முன்வைத்த கோட்பாடு பின்னால் தோற்றுப்போனது வேறு விஷயம். நடுவில் தள்ளித் தள்ளிப் பார்த்திருந்தால் அந்த யோசனைகூட வந்திருக்காது.

அடுத்தது, எந்தப் பிரதி என்று பார்க்காமல் பிளே அழுத்துவது. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் ‘பிளாக் சப்பாத்’ (1963) இதற்குச் சரியான உதாரணம். இதே பெயர் கொண்ட ராக் இசைக் குழு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது இந்தப் படத்திலிருந்துதான். இத்தாலியப் பிரதியில் ‘தொலைபேசி’ கதை முதலில் வரும். செத்த அம்மாளின் விரலிலிருந்து மோதிரத்தை உருவும் நர்ஸின் கதை கடைசியில் வரும். அமெரிக்கப் பிரதியில் இந்த நர்ஸ் கதையைத் தூக்கி முதலில் போட்டுவிட்டார்கள். இசையை மாற்றினார்கள். பேயே இல்லாத ‘தொலைபேசி’ கதையில் பேயை நுழைத்தார்கள். நடிகர் போரிஸ் கார்லாஃப் குதிரை மேல் வந்து, அது பொம்மைக் குதிரை என்று நமக்கே காட்டிக்கொடுக்கும் குறும்பான முடிவும் போச்சு. என்னைக் கேட்டால் இத்தாலியப் பிரதிதான் படம். மற்றது வேறு ஏதோ.

தொடர்களில் தவறு வேறு மாதிரி. ‘ட்வைலைட் ஸோன்’ 1959 முதல் 1964 வரை 156 எபிசோடு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எட்டு எபிசோடை வரிசையாகப் பார்த்தால், மூன்றாவதிலேயே உங்கள் மூளை கடைசித் திருப்பத்தைத் தேட ஆரம்பித்துவிடும். கதையை அறிமுகப்படுத்த வரும் ராடு செர்லிங் வாயைத் திறக்கும்போதே முடிவை ஊகித்துக்கொண்டிருப்பீர்கள். ராத்திரிக்கு ஒன்று போதும். ‘அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி’க்கு வந்தால், முதல் சீசனிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்று பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தேவையில்லை, பெரும்பாலும் சீசனுக்கு ஒரு தனிக் கதைதான். 2018இல் வந்த எட்டாவது சீசனுக்கு மட்டும் முதல் சீசனையும் மூன்றாவதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் கதை சாதுவாக இருக்கிறதே என்று குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதும் வேண்டாம். இயக்குநர் மாறினால் கொடூரத்தின் அளவும் மாறும். 2004இல் வந்த ‘த்ரீ எக்ஸ்ட்ரீம்ஸ்’ஸில் ஹாங்காங்கின் ஃப்ரூட் சான், கொரியாவின் பார்க் சான்-வூக், ஜப்பானின் தகாஷி மீகே என்று மூன்று பேர். சான் எடுத்த ‘டம்ப்ளிங்ஸ்’ (நம்ம ஊர்க் கொழுக்கட்டை மாதிரி) பார்க்கிறவர்களுக்கு ஒரே அறிவுரை: முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கொழுக்கட்டையின் மேல் எனக்கு இருந்த பிரியம் திரும்பி வர ஒரு பிள்ளையார் சதுர்த்தி தாண்ட வேண்டியிருந்தது.

கடைசியாக, ஜப்பானிய இயக்குநர் கோபயாஷியின் ‘க்வைடான்’ (1964). இதை மட்டும் போனில், பேருந்தில் பார்த்துவிடாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், திடுக்கிட வைக்கும் சத்தம் எதுவும் வராது. இசையமைத்த தகெமிட்சு முதல் கதையில் மரம் பிளக்கும் ஓசைகளை வைத்தே பயம் காட்டியிருப்பார். அவற்றுக்கு நடுவே வரும் அமைதி போன் ஸ்பீக்கரில் கேட்காது. இதையும் அமெரிக்காவில் விட்டுவைக்கவில்லை. பனிப்பெண்ணின் கதையை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். ஆக, கையில் கிடைத்த பிரதியில் நான்கு கதைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கதை பாதியில் நின்றுவிடும். கிண்ணத்துக்குள் அந்த முகம் எப்படி வந்தது, அதைக் குடித்த காவல் வீரன் என்ன ஆனான், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நெட் கட்டாகவில்லை. அந்தக் கதையை எழுதுவதாகப் படத்தில் வரும் எழுத்தாளர் அவ்வளவுதான் எழுதினார். எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அந்த எழுத்தாளரின் வீட்டில் ஒரு தண்ணீர்த் தாழி இருக்கிறது, அதை இன்னும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.