கீழ்க்கடையும் மேல்மாடியும் ஒரே இணைப்பில்

பினாங்கு லெபோ பாசாரில் மாமாவின் ஜவுளிக் கடை பழைய கடைவீடு. அகலம் கம்மி, நீளம் அதிகம். கீழே பில் போடும் இரண்டு கம்ப்யூட்டர், மேல்மாடியில் அத்தையின் கணக்கு, இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் பென்டிரைவ் ஏறி இறங்கும். அதை நிறுத்தத்தான் எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) இரண்டு வாங்கினேன்.

இணைப்பது சுலபம். ரௌட்டரின் லேன் (கடைக்குள் இணைக்கும்) போர்ட்டிலிருந்து கீழ் சுவிட்சுக்கு ஒரு கேபிள். அங்கிருந்து மேல் சுவிட்சுக்கு இன்னொன்று. எந்தப் போர்ட்டில் செருகினாலும் சரி. இன்றைய சுவிட்சுகளுக்குக் குறுக்குக் கேபிள் (ஒரு முனையில் கம்பிகளை மாற்றிக் கட்டியது) தேவையில்லை. கேட் 5இ ரக நெட்வொர்க் கேபிள் போதும், ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாடிப்படி ஓரமாகவே இழுத்தேன், கரண்ட் வயரோடு ஒட்டாமல்.

அத்தையிடம் ஒரு பழைய வைஃபை ரௌட்டர் இருந்தது. அதையும் சேர்ப்பதானால் முதலில் அதன் டிஎச்சிபியை (மெஷின்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றி, வேன் போர்ட்டை (வெளி இணையம் வரும் போர்ட்) விட்டுவிட்டு லேன் போர்ட்டில் செருகுங்கள். இல்லையென்றால் இரண்டு ரௌட்டரும் போட்டி போட்டு ஐபி முகவரி கொடுக்கும். யாருக்கு இணையம் கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

அப்புறம் மாமா. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். மேல் சுவிட்சிலிருந்து இன்னொரு கேபிள் கீழே சும்மா தொங்குவதைப் பார்த்து, "இதை மறந்துட்டான்" என்று கீழ் சுவிட்சில் செருகிவிட்டார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னின, பில் நின்றது.

எந்த மெஷின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, அது அனுப்பும் தகவலில் உள்ள மேக் முகவரியை (ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்தே சுவிட்ச் கற்றுக்கொள்ளும். ஆனால் 'எல்லோருக்கும்' என்று வரும் தகவலை, வந்த போர்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பும். இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு வழி இருந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இத்தனை சுற்றோடு நிற்க வேண்டும் என்ற ஆயுள் கணக்கு அதற்குக் கிடையாது. விலை கூடிய சுவிட்சுகள் ஸ்பேனிங் ட்ரீ என்ற வசதி கொண்டு ஒரு வழியை அடைத்துவிடும். மலிவானவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. மருந்து ஒன்றுதான்: கூடுதல் கேபிளைப் பிடுங்குவது. பிடுங்கினேன். இப்போது ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் துணிக்கு ஒட்டும் விலைச்சீட்டில் எண் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக விளக்கின் நிறத்தைப் பாருங்கள். எங்கள் சுவிட்சில் பச்சை என்றால் கிகாபிட், மஞ்சள் என்றால் 100 மெகாபிட். மாடிக் கேபிள் மஞ்சளாகவே இருந்தது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். பழுப்புக் கம்பி கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் தலைக்குள் சரியாக ஏறவில்லை. வெட்டிவிட்டுப் புதுத் தலை அடித்தேன், பச்சையானது.