கீறல் சோதனை: தோல் செல்கள் நகரும் வேகத்தை அளப்பது எப்படி?

காயம் பட்ட சில மணி நேரத்திலேயே தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டினோசைட் செல்கள் பிடியை மாற்றத் தொடங்குகின்றன. அதுவரை ஆல்ஃபா-6 பீட்டா-4 இன்டெக்ரின் (செல்லின் மேற்பரப்பிலுள்ள பிடிப்புப் புரதம்) வழியாக அடித்தளச் சவ்வின் லாமினின் புரதத்தை இறுகப் பற்றியிருந்தவை, அதைத் தளர்த்திவிட்டு ஆல்ஃபா-2 பீட்டா-1 இன்டெக்ரினால் கொலாஜனைப் பிடித்து ஊர்கின்றன. குழியின் தரையை மூடி வளர்ந்த செல்களில் ஒரு கீறல் போட்டு, செல்கள் ஊர்ந்து அதை எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று பார்ப்பதுதான் கீறல் சோதனை. செல் பெருக்கத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இந்த ஊர்தலை மட்டும் அளப்பதுதான் அதன் நோக்கம். பலரும் தவறுவது இங்கேதான்.

ஹாகாட் என்ற மனிதக் கெரட்டினோசைட் செல்வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) இதற்குப் போதும். 24 குழி பிளேட்டில் குழிக்கு 300 மைக்ரோலிட்டர் கொலாஜன்-1 கரைசல் (மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், 0.02 மோலார் அசிட்டிக் அமிலத்தில்) ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவுங்கள். அமிலம் தங்கினால் செல்கள் ஒட்டாது.

ஹாகாட் செல்கள் வளர்ப்புக் குப்பியான பிளாஸ்கிலிருந்து எளிதில் பெயராது. முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவில் (0.05%) பத்து நிமிடம், பிறகு புரதத்தை அறுக்கும் டிரிப்சின் நொதியில் சில நிமிடம் வையுங்கள். பொறுமையிழந்து டிரிப்சின் நேரத்தை நீட்டினால் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒட்டும் புரதங்களே அறுபடும். குழிக்கு 2 லட்சம் செல்கள் விதைத்தால் ஒன்றிரண்டு நாளில் தரை முழுதும் மூடிவிடும். மூடிய அன்றே கீறிவிடுங்கள். விட்டுவைத்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகி, கீறும்போது பாய்போல உரிந்து வரும்.

கீறுவதற்கு முன் மைட்டோமைசின்-சி, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரம். செல் பிரிவதை இது நிறுத்தும். டிஎன்ஏவைத் தாக்கும் நச்சு என்பதால் கையுறை கட்டாயம். கழிவையும் தனியாகச் சேருங்கள்.

பிளேட்டின் அடிப்புறம் மார்க்கரால் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். 200 மைக்ரோலிட்டர் மஞ்சள் டிப்பைச் செங்குத்தாகப் பிடித்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரே இழுப்பில், ஒரே அழுத்தத்தில் கீறுங்கள். அதிகம் அழுத்தினால் செல்களோடு கொலாஜனும் சுரண்டப்பட்டு, முன்னேறும் செல்லுக்குப் பிடிமானம் இருக்காது. சோதிக்கும் மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள். கால்சியம், மக்னீசியம் உள்ள பிபிஎஸ்ஸால் குழியின் சுவரோரமாக மெதுவாகக் கழுவுங்கள். கால்சியம் இல்லாவிட்டால் செல்களுக்கிடையேயான பிணைப்பு விட்டுப்போய், கூட்டமாக நகர வேண்டியவை தனித்தனியே சிதறும்.

பிறகு 1% சீரம் உள்ள டிஎம்இஎம் என்ற செல் வளர்ப்பு மீடியம், அதில் சோதிக்கும் மருந்து. ஒப்பீட்டுக்கு ஒரு குழுவில் மருந்தே சேர்க்க வேண்டாம். இன்னொன்றில் செல் நகர்வைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான இஜிஎஃப், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். இஜிஎஃப் குழுவே வேகம் கூட்டவில்லை என்றால் அன்றைய சோதனையை நம்பாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று குழிகளாவது தேவை.

0, 6, 12, 24 மணியில், மார்க்கர் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் அதே இடத்தில் படமெடுங்கள். குழியின் ஓரத்தில் நீர்மட்டம் வளைந்து ஒளி கெடும் என்பதால் நடுப்பகுதியே நல்லது. கீறலின் விளிம்பு பற்கள்போல இருந்தால் ஓர் இடத்து அகலம் ஏமாற்றும். இமேஜ்-ஜே மென்பொருளில் வெற்றிடத்தின் பரப்பை அளந்து, படத்திலுள்ள கீறலின் நீளத்தால் வகுத்துச் சராசரி அகலத்தை எடுங்கள்.

மூடிய சதவீதத்தை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. 600 மைக்ரோமீட்டர் கீறல் 12 மணியில் 360 ஆனால் 40% மூடியிருக்கிறது. அதே வேகத்தில் 900 மைக்ரோமீட்டர் கீறல் 660 ஆகும், சதவீதமோ 27தான். இரண்டிலும் விளிம்பின் வேகம் ஒன்றே: குறைந்த 240 மைக்ரோமீட்டரை இரு பக்க விளிம்புகளுக்கும் பகிர்ந்து, 12ஆல் வகுத்தால் மணிக்கு 10 மைக்ரோமீட்டர். கீறல் முழுதாக மூடிய பிறகு எடுத்த படத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; எப்போது மூடியது என்பது அதில் தெரியாது.