ஹெட்ஃபோனுக்கு ஈக்யூ: மைக் வாங்கும் முன்

பாஸ், ட்ரெபிள் போன்றவற்றை ஏற்றி இறக்கி ஒலியைச் சரிசெய்வதுதான் ஈக்யூ (ஈக்குவலைசர்). அதற்காக ஒலியை அளக்கும் மைக் வாங்கும் முன், மாடல் வாரியாக ஈக்யூ அமைப்புகளைத் தரும் ஆட்டோஈக்யூ என்ற இணையப் பட்டியலில் உங்கள் ஹெட்ஃபோன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த அமைப்பை இறக்கி, விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் போட்டால் போதும், இரண்டுமே இலவசம்.

ஸ்பீக்கரை அளக்கும் மைக்கை இயர்கப்புக்குள் செருகி அளந்தால் கணக்கு தப்பும். நம் காதுமடலும் காதுத்துளையும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தாமாகவே தூக்கிக் கொடுக்கின்றன. வெறும் மைக்குக்கு அந்தக் காது கிடையாது. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் செயற்கைக் காது வைத்து அளந்தவை. மைக் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? சரி, இடதும் வலதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க உதவும்.

அப்புறம், இறக்கிய கோப்பின் முதல் வரியில் ப்ரீஆம்ப் -6 என்பதுபோல ஒன்று இருக்கும்; மொத்தச் சத்தத்தை 6 டெசிபெல் குறைக்கச் சொல்லும் வரி அது. சத்தம் குறைகிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள். பாஸை 6 டெசிபெல் ஏற்றும்போது அந்த இடம் விடாவிட்டால் மிருதங்க அடி கரகரக்கும்.

குஷன் நைந்திருந்தாலோ வேறு குஷன் மாட்டியிருந்தாலோ இந்த அமைப்பு பொருந்தாது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காதுக்குக் காது மாறும். அங்கே உங்கள் காது சொல்வதைக் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.