ஓடும்போது மயங்கும் பிள்ளை: முடியுரு நாடியின் பிறவி மாறுபாட்டைக் கவனிக்கும் முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், காலையில் சாப்பிடவில்லை, வெயில் தாங்கவில்லை என்று சொல்லிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். காலைக் கூட்டத்தில் நெடுநேரம் நின்று மயங்கிய பிள்ளைக்கு அது பெரும்பாலும் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்த பிள்ளைக்கு ஒருபோதும் போதாது. ஆகவே விழுந்த கணத்தில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே முதலில் விசாரியுங்கள். ஓடுபாதையருகே நின்ற ஆசிரியர் கண்டதை அன்றே எழுதி வாங்குங்கள். எவராவது கைத்தொலைபேசியில் படம் பிடித்திருந்தால் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓடும்போது மயங்குவதற்கு ஒரு காரணம் இதுவாகலாம்: இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் இடது முடியுரு நாடி, சிலருக்குப் பிறவியிலேயே வழக்கத்துக்கு மாறாகப் பெருநாடியின் அடியிலுள்ள வலப்புறக் குழிவிலிருந்து தொடங்கி, பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையே செல்கிறது. அதன் வாய் கீறல்போல ஒடுங்கியிருப்பதும், தொடக்கப் பகுதி பெருநாடியின் சுவருக்குள்ளேயே புதைந்து ஓடுவதும் உண்டு. ஓட்டத்தின்போது பெருநாடி விரிய, அச்சுவருக்குள் அகப்பட்ட பகுதி நெரிபட்டு, தசைக்கு ஒட்சிசன் மிகுதியாக வேண்டிய வேளையிலேயே குருதி குறைகிறது. இது திரும்பத் திரும்ப நேர்ந்தால் தசை நார்கள் இறந்து தழும்பாகலாம். அத்தழும்பைச் சுற்றி மின்னோட்டம் தடம் மாறுவதால் உயிராபத்தான ஒழுங்கற்ற துடிப்பு எழக்கூடும்.

முடியுரு நாடி இதயத் தசைக்குள் புதைந்து செல்லும் தசைப்பாலம் என்பது வேறொரு பிறவி மாறுபாடு; அது பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் பாலத்துக்கு முன்னுள்ள நாடிச்சுவரில் கொழுப்புப் படிவதும், பாலத்தின் கீழுள்ள சுவர் அதிலிருந்து தப்பியிருப்பதும் காணப்படுகின்றன.

பிள்ளை அசைவின்றி, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் உடனே 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைத்து, அது வரும்வரை நெஞ்சழுத்தத்தை நிறுத்தாது செய்யுங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் இருதய கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள். நெஞ்சுநோ, படபடப்பு, உறவினரில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால் மறைக்காது சொல்லுங்கள். ஈ.சி.ஜி. சரியாக இருப்பது, நாடி தவறான இடத்தில் தொடங்கும் மாறுபாடு இல்லை என்பதற்குச் சான்றன்று. எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) செய்தால், இரு முடியுரு நாடிகளும் தொடங்கும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தனவா என்று கேளுங்கள்; தெரியாவிடின் சி.ரி. அஞ்சியோகிராம் (நாடிகளைக் காட்டும் கதிர்ப்படச் சோதனை) தேவையா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

முடிவு வரும்வரை ஓட்டமும் உதைபந்தாட்டமும் வேண்டாம். சத்திரசிகிச்சை நடந்தாலும், உடற்பயிற்சி செய்யவைத்து இதயத்தைப் பார்க்கும் பயிற்சிச் சோதனைக்குப் பின் வைத்தியர் தரும் அனுமதியை எழுத்தில் பெற்று விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்த பின்னரே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள்.